பாசி போச்சு, கரி போகல

மாத்தளை பிரதான வீதியில நடக்கிறப்ப ஒருதடவை தலையைத் தூக்கிப் பாருங்க. கீழே கடைகளுக்குப் புது போர்டு, பளிச்சுன்னு லைட். மேல்மாடிச் சுவர் மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கும். பீலி ஒழுகிற இடமெல்லாம் நீள நீளமாகக் கறுப்புக் கோடு. நிறையப் பேர் அதை வெறும் அழுக்குன்னு நினைக்கிறாங்க. அதில் பெரும்பகுதி உயிருள்ள பாசி. மழையும் நிழலும் இருந்தால் போதும், சுவரிலேயே குடும்பம் நடத்தும்.

எங்களில் ஒருத்தனோட மாமாவுக்கு அங்கே ஒரு கடை இருக்கு. பழைய கட்டடம், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. கழுவித் தருகிறோம் என்று அஞ்சு பேர் இறங்கினோம். பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கலாம்னு பேச்சு வந்தப்போ, தெரிஞ்ச மேசன் பாஸ் ஒருத்தர் தடுத்துட்டார். "அந்த வேகத்துக்குப் பாசியோட சேர்ந்து பூச்சும் வந்துரும் தம்பி. வெடிப்புக்குள்ள தண்ணி போனா சுவரே ஊறிடும்."

அதனால் சாஃப்ட் வாஷ். இதில் வேலை செய்வது மருந்து, தண்ணியோட வேகம் இல்லை. துணி வெளுக்கிற அதே சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தண்ணியில் நன்றாக நீர்த்து, சுவரில் ஒட்டி நிற்கக் கொஞ்சம் சோப்பு சேர்த்து, கைப்பம்பால் கீழிருந்து மேலாகத் தெளிக்கணும். காயவிடாமல் பத்து நிமிசம் வைத்துவிட்டு, ஹோஸ் பைப்பால் மேலிருந்து கீழாகக் கழுவணும். பக்கத்தில் செடி இருந்தால் முதலிலேயே தண்ணி ஊற்றி நனைச்சு வைக்கணும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். டொய்லட் கழுவுற அசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைச்சிடும்.

முன்பக்கம் பார்க்கப் பார்க்க வெளுத்தது. சந்துப்பக்கச் சுவரில், ஓட்டுக்குக் கீழே, ஒரு திட்டு மட்டும் அப்படியே நின்றது. ரெண்டாந்தரம் தெளித்தோம். அசையல. மாமா வந்து பார்த்தார்.

"அது பாசி இல்ல. எம்பத்து மூணு."

1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. நாங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஹைப்போகுளோரைட் பாசியைக் கொல்லும், அதன் நிறத்தை வெளுக்கும். புகைக்கரி வெறும் கார்பன். அதில் கொல்லவும் ஒன்றுமில்லை, வெளுக்கவும் ஒன்றுமில்லை.

எங்களுக்குள்ள வாக்குவாதம். படம் எடுத்துப் போடணும்னு ஒருத்தி. பெயிண்ட் அடிச்சு மூடிடலாம்னு ஒருத்தன். சீகிரியாவும் நம்ம மாவட்டம்தானே என்று ஆரம்பித்தான் இன்னொருத்தன். அங்கே கண்ணாடிச் சுவரில் வந்துபோனவர்கள் கீறி வைத்த பாட்டுகளில் 685ஐப் பரணவிதான படித்து 1956ல் நூலாகக் கொண்டுவந்தார். "இடையில யாராச்சும் சுத்தம் பண்ணியிருந்தா என்ன மிஞ்சியிருக்கும்?" என்று கேட்டான்.

மாமா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னார்: "படம் வேணாம். நான் இந்த வீதியிலதான் கடை நடத்தணும், இவங்களோடதான் டீ குடிக்கணும். பெயிண்டும் வேணாம். நாப்பது வருசமா அடிக்கல, இப்ப என்னத்துக்கு?"

அதனால்தான் இங்கே கடைப் பெயரும் இல்லை, படமும் இல்லை. அழிக்கவும் மனசில்லாமல், காட்டவும் மனசில்லாமல் வாழ்கிற பெரியவர்கள் எங்க ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எல்லாத்தையும் பதிவு போடணும்னு நினைக்கிற எங்களுக்கு அது லேசில் பிடிபடல. ஆனாலும் அந்தச் சுவர் அவருடையது, அதைப் பற்றிய முடிவும் அவருடையதுதான்.

உங்க ஊரிலும் பழைய கடையொன்றைக் கழுவப் போனால், எந்தக் கறுப்பு எதுன்னு அங்கே இருக்கிற பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தெளிங்க.