விரிச்சி

முல்லைப்பாட்டை நான் கல்லூரியில் படிக்கவில்லை. பி.ஏ. ஆங்கிலக்காரனுக்கு அது பாடமில்லை. வங்கி வேலைக்கு வந்தபின், மதிய இடைவேளைகளில், நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டிப் படித்தேன். 103 அடிகள்தான். போருக்குப் போனவனின் மனைவிக்காக முதிய பெண்கள் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு, காதில் விழப்போகும் ஒரு நல்ல சொல்லுக்காக நிற்கிறார்கள். தாய்ப்பசு திரும்பிவிடும் என்று ஓர் இடைப்பெண் கன்றைத் தேற்றுவது கேட்கிறது. அதுதான் விரிச்சி. அதை வந்து சொல்கிறார்கள். மனைவிக்கோ கண்ணீர் நிற்பதில்லை.

இந்த இடத்தில் எனக்கு இலக்கிய அனுபவம் ஒன்றும் சித்திக்கவில்லை. அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

அப்பா ராணுவத்தில் இருந்தார். நாங்கள் வேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். அவர் விலாசத்தில் பெயர், நம்பர், யூனிட், பிறகு '56 ஏ.பி.ஓ.' என்று இருக்கும். அது ஊரல்ல. ராஜஸ்தானில் இருந்தாலும் காஷ்மீரில் இருந்தாலும் அதே 56தான். புருஷன் எங்கே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது. இன்லண்ட் கடிதத்தை ஒட்டிவிட்டு விளக்கேற்றுவாள். இரண்டும் ஒரே காரியம்போல நடக்கும்.

1999இல் கார்கில் யுத்தம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. படவேடு ரேணுகாம்பாளுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டாள். படைவீடு என்ற பெயர்தான் பேச்சில் படவேடு ஆயிற்று. ராணுவப் பாசறை என்று அதற்கு அர்த்தம். அம்மாவுக்கு அந்த அர்த்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. டிவியில் செய்தி ஆரம்பித்ததும் சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனால் சத்தத்தைக் குறைக்க விடமாட்டாள்.

ஒரு நாள் பச்சை லாரி ஒன்று எங்கள் தெருவில் நுழைந்தது. அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி எங்கள் வீட்டைத் தாண்டி, ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள ஊருக்குப் போயிற்று. அந்தப் போரில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 527 பேர். அவர்களில் ஒருவர் அந்த ஊர்க்காரர்.

அப்பா திரும்பி வந்தார். அம்மா ஆடி வெள்ளியில் மொட்டையடித்துக்கொண்டாள். ஆனால் அதன்பின் ஏரிக்கரை வழியாகப் போவதை விட்டுவிட்டாள். சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவாள். காரணத்தைப் பல வருஷம் கழித்துச் சொன்னாள்: "நம்ம வாசல்ல நிக்கக்கூடாதுன்னு வேண்டினேன். அவ வாசல்ல போய் நின்னுச்சு."

எனக்கு அப்போது இருபது வயது. நாலு ஆங்கிலப் புத்தகம் படித்த மிதப்பில் கேட்டேன்: "அவளும் வேண்டிக்கிட்டுத்தானே இருந்திருப்பா? உன் அம்மன் ஏன் அவளைக் கைவிட்டா?"

"அதைத்தான் நானும் கேட்டுனு இருக்கேன்," என்றாள் அம்மா. நான் எதிர்பார்த்தது ஒரு சமாதானம். அதற்கு மறுப்பும் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னிடம் அல்லாமல் அம்மனிடமே வழக்காடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை. பக்தி என்றால் கேள்வி தீர்ந்த நிலை என்றே நினைத்திருந்தேன்.

முல்லைப்பாட்டின் அரசன் பாசறையில் தூங்காமல் கிடந்து, உண்ட சோற்றுக்கு உயிர் கொடுத்தவர்களை நினைக்கிறான். ஏறத்தாழ ஓர் அடியில் அவர்கள் முடிந்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டு முதுபெண்டிரும் நெல் தூவியிருப்பார்கள். அவர்களுக்கும் நல்ல சொல்லே கேட்டிருக்கக்கூடும். அந்த வீடுகளுக்குப் பாட்டு போவதில்லை. திரும்பி வருகிறவனின் குதிரைகளோடு அது முடிந்துவிடுகிறது. இருத்தல் முல்லைக்குரியது என்கிறோம். வந்தவனுக்காக இருந்தவள்தான் நம் கவிதையில் முல்லைத் தலைவியானாள்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க அந்த அம்மாள் என் கவுண்டருக்கு வருகிறார். உயிரோடு இருப்பதாக ஒரு கையெழுத்து. நான் யார் மகன் என்று அவருக்குத் தெரியும். "அம்மா சௌக்கியமாப்பா?" என்பார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள்: "அவ வந்தாளா?"

"வந்தாங்க."

மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டாள். திரியைத் தூண்டிவிடப் போய்விடுவாள்.