அடுத்த வீட்டு அடுப்பு

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கட்சாலில் யாது சிறப்பு என வினவுவோர் கடலையும் தென்னையையுமே எதிர்பார்க்கின்றனர். 2000-ஆம் ஆண்டின் முதற்கதிர் இங்கு விழும் என்று உலகம் பேசியதும் உண்டு. கதிருக்கு முன்னெழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகிய எமக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி உடன்படிக்கையால் இலங்கைத் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பியோருள் சிலர் இத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். அவர்தம் வழியினர் யாம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதியால் இம்மண்ணில் எமக்குப் பட்டா இல்லை. நிக்கோபாரியரே இங்கு முன்னவர். ஆதலின் அது முறையே. வீடும் வேலையோடு வந்ததே. எமதென்று சொல்லத்தக்கது அண்டை வீடு ஒன்றுதான். ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிடின் மறு வீட்டார் வந்து காரணம் கேட்பர். தொட்டிற் பிள்ளையை அவர்களிடம் விட்டுத் தாய் பால் வெட்டச் செல்வாள். கப்பல் பிந்திய நாட்களில் அரிசி படிக்கணக்கின்றிக் கைமாறும். திருப்பித் தருவது பற்றிப் பேச்செழாது.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2001-இல் 5,312 ஆக இருந்த தீவின் மக்கள்தொகை 2011-இல் 2,685 ஆயிற்று. பெயர்ந்து சென்றோரைக் காணுங்கால், அவர்கள் கடலைப் பற்றிக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றே கேட்கின்றனர்.