சமபங்கும் நீதியும்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் என் தங்கை செவிலியாகப் பணிபுரிகின்றாள். சென்ற ஆண்டு அவள் இல்லத்தில் இரு மாதங்கள் தங்கியிருந்தேன். அந்தி சாய்ந்தபின் அவ்வூருக்குப் பேருந்து இல்லை. இரவுப் பணிக்கு அவள் தன் பழைய காரிலேயே செல்லவேண்டும். அடுத்த வீட்டு மூதாட்டிக்கோ காரே கிடையாது.

ஒருநாள் உணவு வேளையில், அந்நாட்டில் முன்பு பேசப்பட்ட ஒரு திட்டத்தைத் தங்கை விளக்கினாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகின்றது. ஆகவே வயது வந்தோர் அனைவருக்கும் சமமான கரிப் பங்கீடு அளித்து, பெட்ரோல் வாங்கும்போதெல்லாம் அதில் கழித்துக்கொள்வது. மீந்ததை விற்கலாம், போதாதவர் வாங்கலாம். 1996-இல் டேவிட் ஃபிளெமிங் என்பவர் இதனை முன்மொழிந்தார். 2006-இல் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த டேவிட் மிலிபாண்ட் ஆதரித்துப் பேசினார். 2008-இல், காலத்துக்கு முந்திய திட்டமென அரசு அதனை ஒதுக்கிவைத்தது.

"எல்லார்க்கும் சமபங்கு என்றால் அது நீதிதானே?" என்றேன்.

"அடுத்த வீட்டுப் பாட்டிக்கு ஆதாயம், அக்கா, எனக்கு நட்டம். செல்வந்தரோ வேண்டியதை வாங்கிக்கொள்வார்" என்றாள்.

என் மனம் இளமைக் காலத்துக்குச் சென்றது. பள்ளிக் கட்டணம் கட்ட வழியின்றி, ரேஷன் கடையில் பெற்ற மண்ணெண்ணெயை எங்கள் தாயார் ஒருமுறை தேநீர்க் கடைக்காரருக்கு விற்றுவிட்டார். அம்மாதம் முழுதும் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தார். கணக்குப்படி அவருக்கு எண்ணெய் மீந்தது. உண்மையில் மீந்ததா? மருத்துவரிடம் செல்வதையும் குறைத்துக்கொண்டு தம் பங்கை விற்கும் ஏழையைக் குறித்தும் இதே வினா எழுகின்றது.

ஆயினும் பங்கீடே தீது என்பேன் அல்லேன். வெறும் விலையேற்றம் ஏழைக்கு ஒன்றும் தருவதில்லை. சமபங்கு அவர் கையில் ஏதேனும் வைக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வேறொரு வழியைச் சட்டமாக்கிற்று. அதன்படி கார் எரிபொருளுக்கான கரி உரிமங்களைத் தனி மனிதரல்லர், எரிபொருள் விற்கும் நிறுவனங்களே வாங்கவேண்டும். 2027-இல் தொடங்கவிருந்த இதனை 2028-க்குத் தள்ளிவைக்க 2025-இல் உடன்பாடு காணப்பட்டது. நிறுவனங்கள் அச்செலவை விலையில் ஏற்றக்கூடும். ஆகவே எளியோர்க்கென ஒரு சமூக நிதியும் வகுக்கப்பட்டுள்ளது. அந்நிதி சிற்றூர்களுக்குப் பேருந்தாக வந்து சேர்ந்தால் அன்றோ பயன்!

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், கரி உரிம வாணிகம் புதுவகை ஊக வாணிகமாக மாறிவிடலாம் என எச்சரித்தார். காற்று மாசுறாமல் காப்பது நம் அனைவரின் கடமை. அதன் சுமையை ஏற்றுமுன், யார் தோளில் ஏற்றுகிறோம் என்று பார்ப்பதும் கடமையே. புகையில் கண் சிவந்து நின்ற என் தாயாரை நினைக்கும்போதெல்லாம், பங்கை அளப்பதோடு தேவையையும் அளப்பதே நீதி என எனக்குத் தோன்றுகின்றது.