தோப்பும்படிப் பாலத்தின்மேல்



கடந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை, கொட்டும் மழையில், எர்ணாகுளத்திலிருந்து தோப்பும்படிக்குச் செல்லும் தனியார் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்திருந்தேன். தேவரை கடந்தது, வெண்டுருத்திப் பாலம் கடந்தது, கடற்படைத் தளத்தின் நீண்ட மதில் கடந்தது. கண்ணாடியில் வழிந்த தண்ணீரினூடே காயலும் கப்பல்களும் மங்கலாகத் தெரிந்தன. கொச்சியைக் காண வருவோர் அநேகர். மட்டாஞ்சேரியின் யூத ஜெப ஆலயமும், கோட்டைக் கொச்சியின் பழைய தேவாலயமும் அவர்களை இழுக்கும். நானோ ஊர் பார்க்கும் எண்ணத்தோடு புறப்பட்டவனல்ல. நெடுநாளாக மனதை உறுத்திக்கொண்டிருந்த ஒரு கடனைத் தீர்க்கும்படி புறப்பட்டவன்.

அந்தக் கடன் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் சபையில் ஓர் இளம் தம்பதியரை ஒடிசாவின் மலைவாழ் மக்கள் நடுவே மிஷனெரி ஊழியத்திற்கென்று பிரதிஷ்டை செய்தோம். சபையின் மூப்பர்களில் ஒருவனாகிய நானும் அன்று அவர்கள் தலைமேல் கை வைத்து ஜெபித்தேன். ஜெபித்ததோடு நிறுத்தியிருக்கலாம். “அடுத்த வருஷம் இதே நாளில் இவர்கள் ஒடிசாவின் மலைகளில் நிற்பார்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்று உரத்த சத்தமாய்ச் சொன்னேன். சபையார் ஆமென் என்று ஆர்ப்பரித்தார்கள். கர்த்தர் சொன்னாரா, என் உற்சாகம் சொல்லிற்றா என்று அந்த வேளையில் நான் நிதானித்துப் பார்க்கவில்லை.

அவர்கள் இன்றுவரை ஒடிசாவுக்குப் போகவில்லை.

முதலில், அனுப்பவேண்டிய ஸ்தாபனம் சில மாதங்கள் காத்திருக்கச் சொன்னது. அந்தச் சில மாதங்களுக்குள் மகளுக்கு இருதயத்தில் கோளாறு இருப்பது தெரியவந்து, அறுவைச் சிகிச்சையும் தொடர் மருத்துவமுமாக நாட்கள் கழிந்தன. பின்பு 2020-ம் ஆண்டின் கொள்ளைநோயும் ஊரடங்கும் வந்தன. அதன்பின் ஸ்தாபனத்திலிருந்து கடிதமே வரவில்லை. கடன் தலைக்குமேல் ஏறியபோது, மனைவியின் அண்ணன் கைகாட்டிய வழியாகத் தம்பி தோப்பும்படிக்கு வந்து, மீன்பிடித் துறைமுகத்தையொட்டிய ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். போன வருஷம் தொலைபேசியில் பேசுகையில், “ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தையை நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மிகவும் தாழ்மையாகக் கேட்டார்.

தோப்பும்படி சந்திப்பில் குடையோடு காத்து நின்ற அவரைக் கண்டதும் என்னையறியாமல் கட்டிக்கொண்டேன். நேரே துறைமுகத்திற்கே அழைத்துச் சென்றார்.

மீன்பிடித் துறைமுகம் என்றால் இரைச்சலும் ஏலக் கூச்சலுமாயிருக்கும் என்று எண்ணி வந்த எனக்கு, அங்கே நிலவிய அமைதி ஆச்சரியமாயிருந்தது. கேரளக் கடலில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவலைப் படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருகும் காலமாதலால் 1988-ம் ஆண்டு முதல் இப்படியொரு ஒழுங்கு. அந்நாட்களில் தடைக்காலம் இதைவிடக் குறைவு. படகுகள் ஒன்றோடொன்று தோளுரசி, கயிற்றில் கட்டுண்டு, மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு படகும் சும்மா இருக்கவில்லை. ஒன்றில் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பியிருந்தார்கள். இன்னொன்றின் பக்கவாட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள் நாலைந்து பேர் மலைபோல் குவிந்த வலையின் நடுவே அமர்ந்து கிழிசல்களைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய தமிழைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சு! அது என் பிறந்த மண்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலருக்கு வருஷத்தின் பெரும்பகுதி இந்தத் தோப்பும்படியே துறை. இங்கே ஐஸும் எண்ணெயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, இங்கிருந்து போன படகுகளும் கடலில் இருந்தன. திரும்பி வராதவர்களுக்காக அந்த ஊர்களின் தாய்மார் கடற்கரையில் நின்ற நாட்களை நாம் செய்தித்தாளில் வாசித்து அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். காத்திருத்தலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள், நான் உட்பட, இந்தத் துறைமுகத்தில் ஒரு மணி நேரமாவது வாய் திறவாமல் நின்றுவிட்டுப் போவது நல்லது.

மாலையில் மழை சற்று விட்டது. வெல்லிங்டன் தீவிலுள்ள வாத்துருத்தியில் அன்றிரவு ஜெபக்கூட்டம் இருந்ததால், பழைய துறைமுகப் பாலத்தின் வழியாக நடந்தே போவோம் என்றார் தம்பி. வண்டிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள புதிய பாலத்தில் ஓடிவிடுவதால், பழைய பாலத்தில் நின்று பேச இடமுண்டு. கலங்களுக்கு வழிவிட நடுப்பகுதி மேலே உயரும்படி அக்காலத்தில் கட்டப்பட்ட பாலம் அது.

அந்தப் பாலத்தைக் கட்டுவித்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் 1920-ல் கொச்சிக்கு வந்தபோது, காயலின் வாய்க்குக் குறுக்கே கல்போல் இறுகிய மணல்திட்டு ஒன்று கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வரக்கூடாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகள் தோணிகளில் போய் வரும். பருவமழையில் அதுவும் நின்றுபோகும். கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் சேர முடியாது. பிரிஸ்டோ அந்தத் திட்டை ஆராய்ந்து, அனுமதிக்கும் பணத்துக்கும் போராடி, வாரி எடுத்து, 1928-ல் முதல் நீராவிக் கப்பலை உட்துறைமுகத்திற்குள் கொண்டுவர எட்டு ஆண்டுகள் சென்றன. வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியதே வெல்லிங்டன் தீவு. இதைச் சொல்லி, “தடையாய்க் கிடந்த மண்ணே நிற்கும் தரையாயிற்று பார்த்தாயா!” என்று நான் ஆரம்பித்தேன். தம்பி சிரித்தார். “ஐயா, இதே உவமையை இங்கு வருகிற எல்லா ஊழியக்காரரும் சொல்லுகிறார்கள்” என்றார். நானும் சிரித்து, வாயை மூடிக்கொண்டேன்.

சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “மிஷனெரிக் கூட்டங்களில் வில்லியம் கேரியைச் சொல்லுவார்கள். 1793-ல் வந்தார், ஏழு வருஷம் ஒரு கனியும் இல்லை, 1800 டிசம்பரில் கிருஷ்ணபால் ஞானஸ்நானம் பெற்றார் என்பார்கள். எனக்கும் இது ஏழாவது வருஷம்தான். ஏழு முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால்?”

அவர் கேட்டது நியாயமே. நாம் தாமதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதை வங்கியில் போட்ட வைப்புநிதியைப்போல் பேசுகிறோம். முதிர்வுத் தேதியில் வட்டியோடு வரும் என்று. ஆகையால் கேரியை விட்டுவிட்டு, எங்கள் இருவருக்கும் சொந்த மண்ணின் கதையான மயிலாடியின் கதையை அவருக்குச் சொன்னேன்.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்திற்கு யாத்திரை போனவர்; தஞ்சாவூரில் கோல்ஹாஃப் ஐயரின் சபையில் சுவிசேஷம் கேட்டு, 1799-ம் ஆண்டளவில் வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். வீட்டாரும் உறவினரும் சிலர் கூடினார்கள். எதிர்ப்பும் கூடவே வந்தது. ஒரு மிஷனெரியை அனுப்புங்கள் என்று அவர் தஞ்சாவூரில் போய்க் கேட்டுக் காத்திருந்தார். அனுப்பப்படவேண்டிய ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியரோ, 1797-ல் கல்கத்தாவுக்கு ஊழியத்துக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் அதை விட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பிப்போனவர்! அவர் மறுபடியும் அழைப்பைப் பெற்று லண்டன் மிஷனெரி சங்கத்தின் மூலமாக 1804 டிசம்பரில் தரங்கம்பாடி வந்து இறங்கி, தமிழ் படித்து, 1806 ஏப்ரலில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் கால் வைத்தார். வந்தபின்னும் ஆலயம் கட்ட வழி உடனே திறக்கவில்லை. பிரிட்டிஷ் ரெசிடெண்டாகிய கர்னல் மெக்காலேயின் உதவி வேண்டியிருந்தது. திவான் வேலுத்தம்பிக்கும் அவருக்கும் பகை மூண்டு, 1808 டிசம்பரில் இதே கொச்சியில் அவருடைய மாளிகை தாக்கப்பட, அவர் கப்பலில் ஏறித் தப்பினார். அந்தக் கலகமெல்லாம் அடங்கிய பின்பு, 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது.

“இது கேரியின் கதையைப்போலத்தானே முடிகிறது?” என்றார் தம்பி.

முடியவில்லை என்றேன். சுகவீனப்பட்ட ரிங்கல்தௌபே 1816-ல் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்தினிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கப்பலேறிய அவர் என்னவானார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அவருக்குப் பதிலாக வரவேண்டிய மீட் ஐயர் 1816-லேயே சென்னைக்கு வந்தும், நோயினாலும் மனைவியின் மரணத்தினாலும் வழியில் தடைபட்டு, 1818 ஜனவரியில்தான் தென்திருவிதாங்கூர் சேர்ந்தார். நடுவிலிருந்த ஏறக்குறைய இரண்டு வருஷம் சபைகளைக் காத்தவர் யார்? மிஷனெரியை அனுப்புங்கள் என்று கேட்டுக் காத்திருந்த அந்த மயிலாடி மனிதரே. அவரை எங்கும் ஒருவரும் அனுப்பவில்லை. தம் ஊரிலேயே இருந்தார்.

தம்பி வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “ஐயா, ஆகவே வாத்துருத்தியே உன் பணித்தளம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலர் சொல்லிவிட்டார்கள். அது எனக்கு ஆறுதலாயில்லை. எனக்கு இன்னும் அந்த மலைகள்தான் கண்ணில் நிற்கின்றன” என்றார். நான் சொல்லவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் ஸ்பானியாவுக்குப் போக எவ்வளவு வாஞ்சித்தார் என்பது ரோமர் 15-ம் அதிகாரத்தில் இருக்கிறது. போய்ச் சேர்ந்தாரா என்பதை வேதம் எங்கும் சொல்லவில்லை. பேலிக்ஸ் என்னும் தேசாதிபதியின் காலத்தில் செசரியாவின் காவலில் அவருக்கு இரண்டு முழு வருஷம் போயிற்று. அந்த ஏக்கத்தைக் கர்த்தர் அவரைவிட்டு எடுத்துப்போட்டதாகவும் நான் வாசிக்கவில்லை.

வாத்துருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். ரயில்வே கேட்டை அடுத்து நெருக்கமாய் நிற்கும் சிறு வீடுகள். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, விடியற்காலையில் கூலிவேலைக்குப் புறப்பட்டுப் போகிற ஆயிரக்கணக்கான நம் ஜனங்கள் தலைமுறையாய் அங்கே குடியிருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டும் தமிழ்ச் சண்டையும் தமிழ்ச் சாம்பார் மணமும் சந்துக்குச் சந்து வீசுகின்றன. வாடகை அறை ஒன்றில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். ஒன்பது பேர் தமிழர். மூலையில் அமர்ந்திருந்த மூன்று வாலிபர் ஒடிசாவிலிருந்து ஐஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள். தம்பி வசனத்தைத் தமிழில் வாசித்துவிட்டு ஒடியாவிலும் சொன்னார். மலைக்குப் போவதற்கென்று இரவுகளில் விழித்துப் படித்த மொழி! மூவரில் ஒருவர் தூங்கி விழுந்தார். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்தவர், பாவம்.

கூட்டம் முடிந்து கஞ்சியும் மீன் குழம்பும் பரிமாறுகையில், அதுவரை அதிகம் பேசாதிருந்த தம்பியின் மனைவி சொன்னாள்: “ஐயா, போகமுடியவில்லையே என்ற துக்கம் இவருக்கு. எனக்கோ, பிள்ளையின் வியாதியைக் கண்டபோது, நல்லவேளை போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதனால்தான் கர்த்தர் கதவை அடைத்தாரோ என்று இத்தனை வருஷம் பயந்துகொண்டிருக்கிறேன். இவரிடம்கூடச் சொன்னதில்லை.”

தம்பி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அம்மா, உன் நிம்மதி கதவை அடைக்கவில்லை. பிள்ளையைப் பெற்றவளுக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தவரும் அவரே” என்றேன். அதன்பின் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். “அன்றைக்குச் சபையில் தேதி குறித்துச் சொன்னது நான். கர்த்தருடைய நாமத்தை அதில் சேர்த்ததும் நான். நடக்காதது அவருடைய வார்த்தையல்ல, என்னுடையது. நீங்கள் இருவரும் என்னை மன்னிக்கவேண்டும்.” பெரியவர் இப்படிச் சொல்லலாமா என்று அவள் பதறினாள். தம்பி பதறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அழைப்பு தேவனுடையது, தேதி மட்டுமே என்னுடையது என்று எனக்குள் தெளிவான அந்த இரவில், மூவரும் முழங்காலில் நின்றபோது ஒருவருக்கும் உரத்த சத்தம் வரவில்லை. சிறுமி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பின் தழும்பு சட்டைக் கழுத்தில் சிறிது தெரிந்தது.

மறுநாள் காலை தோப்பும்படி சந்திப்பில் எர்ணாகுளம் பேருந்துக்காக நின்றோம். மறுபடியும் மழை. ஆகஸ்டு பிறந்தால் படகுகள் புறப்படும், ஐஸ் தொழிற்சாலையில் மூச்சுவிட நேரமிராது என்றார் தம்பி. பேருந்து வந்து நான் படியில் கால் வைத்தபோது ஓடிவந்து, “ஐயா, ஒடியா மொழியில் மாற்கு சுவிசேஷம் தனிப்பிரதி கிடைத்தால் பத்து வாங்கி அனுப்புங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். அந்தத் தூங்குகிறவன் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுகிறான்” என்றார்.