கடலில்லா ஊரும் கப்பல்களும்

விருதுநகரை அடுத்து, சாத்தூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் சூலக்கரை. கரிசல் பூமி, கடலோ வெகு தொலைவு. எனினும், தெற்கே விரையும் லாரிகளின்மேல் நீண்ட இரும்புப் பெட்டகங்களைக் காணும்போது, இவ்வட்டாரத்தின் வாழ்வு கடலோடு பிணைந்திருப்பதை உணர்கிறோம். அப்பிணைப்பு எத்தகையது என அறிய, நாமும் தூத்துக்குடிக்குப் பயணமானோம்.

சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் எனச் செல்லும் வழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மழையை நம்பி விதைக்கும் இப்பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிடுவது தீப்பெட்டித் தொழிலே. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து, 1923-இல் இதனை இங்கு ஊன்றினர். இன்று நம் தீப்பெட்டிகள் ஆப்பிரிக்க நாடுகள்வரை கப்பலேறுகின்றன.

தூத்துக்குடி என்றதும் நினைவில் எழுபவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. வெள்ளையர் கப்பல் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்து, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர் அவர். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இத்துறைமுகம், 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவரது கனவு நிறைவேறிற்றா? நம் நாட்டின் அயல் வணிகச் சரக்கில் பெரும்பகுதி இன்றும் பிறநாட்டுக் கப்பல்களிலேயே செல்கிறது. இங்கு ஏற்றப்படும் பெட்டகங்களுள் பல கொழும்பில் இறக்கப்பட்டு, அங்கிருந்து பெருங்கப்பல்களுக்கு மாறுகின்றன. கப்பற்கூலி உயர்வதும் தாழ்வதும் நம் கையில் இல்லை.

2021-இல், கொள்ளை நோயின் விளைவாகப் பெட்டகங்களுக்கே தட்டுப்பாடு உண்டாகி, கூலி பன்மடங்கு ஏறிற்று. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. அதனால் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் 10 முதல் 14 நாள்வரை நீண்டது. பெரிய வணிகர் இத்தகைய இழப்பைத் தாங்குவர். சரக்கு சென்று சேர்ந்த பின்னரே பணம் காணும் சிறு தொழிலதிபர் என் செய்வார்? அவரிடம் வாரக்கூலி வாங்குவோர் என் செய்வர்?

வாங்கும் பொருளிலும் இதே நிலைதான். விருதுநகர் பருப்புக்குப் பேர்போன சந்தை. ஆயினும், நம் நாட்டின் தேவைக்கு உள்நாட்டு விளைச்சல் போதாமல், உளுந்து பர்மாவிலிருந்தும் துவரை மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகின்றன. கடல் கடந்த செலவு நம் வீட்டுச் சாம்பாரிலும் கலந்திருக்கிறது.

இனி, இப்பயணத்தில் நம் உள்ளத்தை மிகவும் தொட்ட செய்தி. தீப்பெட்டியை ஏற்கும் கப்பல், பட்டாசை எளிதில் ஏற்பதில்லை. பன்னாட்டுக் கடல் விதிகளின்படி தீப்பெட்டி நான்காம் வகை அபாயப் பொருள். பட்டாசோ வெடிமருந்துகளோடு முதல் வகையில் சேர்ந்தது. ஆகவே கப்பல் கம்பெனிகள் பல அதனைத் தொடவும் தயங்குகின்றன. இந்தியாவின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்யும் சிவகாசி, வெளிநாட்டுக்கு அனுப்புவதோ மிகச் சொற்பம். உலகச் சந்தை சீனத்தின் கையில் உள்ளது.

கப்பற்காரரின் அச்சம் வீண் எனச் சொல்வதற்கில்லை. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் பெட்டகக் கப்பல் தீப்பற்றி, பின்னர் மூழ்கிற்று. அதில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்க, இலங்கை மீனவர் பிழைப்பு இழந்தனர்.

ஆனால், அஞ்சி மறுக்கும் உரிமை கப்பலுக்கு உண்டு. அதே மருந்தை நாள்தோறும் கையால் அள்ளி அடைக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு அவ்வுரிமை எங்கே? 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னும் விபத்துகள் ஓய்ந்தபாடில்லை. கப்பலில் ஒரு பெட்டகத்துக்குக் காட்டப்படும் எச்சரிக்கை, ஆலையில் ஓர் உயிருக்கும் காட்டப்பட வேண்டாமா?

நம் பங்குத் திருவிழாக்களில் தேர்ப்பவனியின்போது வானில் வாணங்கள் பூக்கின்றன. பிள்ளைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். அப்போது, கப்பல் ஏற்க அஞ்சும் பொருளை நமக்காகச் செய்து தந்த கைகளையும் நினைப்போமாக. அக்கைகளுக்கு நியாயமான கூலியும் பாதுகாப்பும் கிடைக்கக் குரல் கொடுப்பது நம் கடமையாகும்.