சீட் கூரைக்கு அடியில் ஜிப்சம் சீலிங்

ஊருக்கு ஊர் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டோ தகர சீட்டோ போட்ட ஷெட்கள் நிறைய. குடோனாக இருந்தவை. இப்போது அதே ஷெட்டில் டியூஷன் சென்டர் நடக்கும், தையல் யூனிட் நடக்கும், சின்னதாக ஒரு ஹால்கூட நடக்கும். மே மாத வெயிலில் சீட்டின் சூடு நேராக மண்டையில் இறங்கும்போதுதான் உரிமையாளருக்கு "ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் என்ன?" என்று தோன்றும். ஆசை நியாயமானதுதான். சிக்கல் எங்கே என்றால், மேலே ட்ரஸ் 15 அடிக்கு ஒன்றுதான் இருக்கிறது.

ஜிப்சம் போர்டு என்பது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சப் பலகை. 12.5 மி.மீ. போர்டுக்கு, வழக்கமான முறையில், ஒன்றரை அடிக்கு ஒரு ஜி.ஐ. சேனல் வேண்டும். ஆக 15 அடிக்கும் ஒன்றரை அடிக்கும் நடுவே ஒரு பாலம் தேவை. சீலிங் வேலையின் கஷ்டமெல்லாம் அந்தப் பாலத்தில்தான். போர்டு அடிப்பது, டேப் ஒட்டுவது, பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு வரும் சுலபமான வேலை.

பலர் செய்வது, ட்ரஸ்களின் மேல் ஓடும் பர்லினிலிருந்து கம்பியைத் தொங்கவிடுவது. பர்லின் நாலு அடி, நாலரை அடிக்கு ஒன்று கிடைக்கிறதே என்ற வசதி. செலவும் குறைவு. ஆனால் காற்றில் சீட் தூக்கிக்கொள்ளும், தணியும். அதோடு பர்லினும் ஆடும். அந்த ஆட்டம் நேராக போர்டின் இணைப்புக்கு வந்து சேர்கிறது. முதல் ஆடி மாதக் காற்றிலேயே நேர்கோடாக விரிசல் விழுந்தால் பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு வழி, ட்ரஸ்ஸின் கீழ்க்கம்பியிலிருந்து அடுத்த ட்ரஸ்ஸின் கீழ்க்கம்பிக்கு நாலு அடிக்கு ஒன்றாக ரெக்டாங்குலர் பைப் ஓட்டி, அதில் சேனல்களைத் தொங்கவிடுவது. இதுதான் உருப்படியான முறை. அதிலும் ஒரு கணக்கு உண்டு. போர்டு, சேனல் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு சுமார் 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், 80×40 அளவில் 2.5 மி.மீ. தடிப்புள்ள பைப்பை 15 அடிக்கு நிற்கவைத்துப் போட்டால் நடுவில் ஏறத்தாழ 11 மி.மீ. தொய்யும். அதே பைப்பைப் படுக்கவைத்தால் மூன்று மடங்கு, அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல்! உடையக்கூடிய சீலிங்குக்கு நீளத்தில் 360-ல் ஒரு பங்கு தொய்வுதான் எல்லை. 15 அடிக்கு அது அரை அங்குலம். வெல்டிங் வைக்க வசதி என்று பைப்பைப் படுக்கவைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பெரிய கேள்வி ஒன்று பாக்கி. அந்த ட்ரஸ் இதைத் தாங்குமா? 45 அடிக்கு 20 அடி ஷெட் என்றால் சீலிங் மட்டும் ஒரு டன். பைப் எடை தனி. சீட்டையும் காற்றையும் மட்டும் நினைத்து ஃபேப்ரிகேஷன்காரர் செய்த ட்ரஸ் அது. கீழ்க்கம்பி இழுவிசைக்காக வைத்த மெலிந்த ஆங்கிள். இரண்டு முட்டுகளுக்கு நடுவே எடையைத் தொங்கவிட்டால் அது வளையத் தொடங்கும். ஆகவே கம்பிகள் வந்து சேரும் முட்டுகளிலேயே பைப்பை உட்காரவைக்க வேண்டும். அந்த ஆங்கிளில் டிரில் போட்டு ஓட்டை செய்வதும், பாரம் இருக்கும்போதே குறுக்காக வெல்டிங் வைப்பதும் ஆபத்து; கிளாம்ப் போதும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து ட்ரஸ்ஸைக் காட்டுவதற்கு ஆகும் பணம், ஹாலில் குழந்தைகள் உட்காரப் போகிறார்கள் என்றால், கணக்கில் சேராத செலவு.

மின்விசிறி விஷயத்தில் சமரசமே கூடாது. அதற்கான கம்பி சேனலில் மாட்டப்படாமல், போர்டைத் துளைத்து மேலே போய் ட்ரஸ்ஸிலோ தனி பைப்பிலோ பிடிக்க வேண்டும். சுற்றும் விசிறியின் அதிர்வை மெல்லிய ஜி.ஐ. சேனல் நாள் முழுக்க வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

மற்றபடி வேலை நூல் பிடித்து நடக்கும். சுவரைச் சுற்றி மட்டம் குறித்து ஓரச் சேனல், பிறகு குறுக்குச் சேனல்கள், அவற்றுக்குக் குறுக்காகப் போர்டின் நீளவாக்கு. ஸ்க்ரூ 23 செ.மீ.க்கு ஒன்று, தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக அமுங்கினால் சரி. அடுத்தடுத்த வரிசையில் இணைப்புகள் ஒரே கோட்டில் வரக்கூடாது.

ஒழுக்கு? ஜிப்சம் நனைந்தால் பலம் போய்விடும். தண்ணீர் தேங்கிய போர்டு மெல்லத் தொய்ந்து ஒருநாள் மொத்தமாக விழும். எனவே சீட்டின் ஜே-போல்ட் ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒரு நல்ல மழையைப் பார்த்த பிறகே போர்டு ஏற்றுவது புத்திசாலித்தனம். மேலே ஏறிப் பார்க்க இரண்டு அடிக்கு இரண்டு அடி மூடி ஒன்றும் விட்டுவைக்க வேண்டும். எலியும் அந்த வழியைத்தான் தேடும் என்பதால் மூடி இறுக்கமாக இருப்பது நல்லது.