பாடலில் இறைவன் பெயர்

பாடல் இறைவனைச் சரியாகக் காட்டுகிறதா என்பது விசுவாசத்தைச் சார்ந்த கேள்வி. 'யாவே' என்னும் பெயர் நம் பாடல்கள் சிலவற்றில் இனிமையாய் ஒலித்து வந்தது. 2008 ஜூன் 29 அன்று உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர் பேரவைகளுக்கு எழுதிய மடல், வழிபாட்டிலும் அதன் பாடல்களிலும் அப்பெயரை உச்சரித்தலாகாது என்றது.

ஆரணியில் தறி நெய்யும் பாடகர் ஒருவர், "மறைநூலில் உள்ள பெயர்தானே, சாமி?" என்று வருந்திக் கேட்டார். உள்ளதுதான். ஆனால் யூதர் அதை எழுதினரேயன்றி உச்சரிக்கவில்லை. வாசிக்கையில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்', என்றனர். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் 'கீரியோஸ்' ஆக்கியது. அதே சொல்லைத்தான் பிலிப்பியர் திருமுகம் (2:11) இயேசுவுக்குச் சூட்டுகிறது. 'ஆண்டவர்' என்னும் பாவு இரு ஏற்பாடுகளிலும் அறாமல் ஓடுகிறது. அதை அறுத்துவிட்டு எத்துணை அழகிய ஊடை கோத்தாலும் சேலையாகாது.

பாடலின் சொற்கள் கத்தோலிக்கக் கோட்பாட்டோடு இசைந்திருக்க வேண்டுமென, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் (எண் 121) கேட்டது. பாடற்குழு அன்பர்களே, மெட்டைத் தேர்ந்தெடுக்குமுன் சொல்லை எடைபோடுங்கள். நோயுற்றவரின் படுக்கையருகே மறைக்கல்விப் பாடம் நினைவுக்கு வருவதில்லை. பாடல்தான் நாவில் எழுகிறது. அவ்வேளையில் அது உண்மையைச் சொல்லட்டும்.